ஜொகூர் என்னும் பெயரும் ஏழு பிட் எழுத்துகளும்

மலாய்ப் பெயரின் ஹகர ஒலியைத் தமிழ் ககரத்தால் ஏற்று ஜொகூர் என எழுதுகிறது. அதனை எழுத்துக்கு எழுத்தாக உரோமன் வரிவடிவுக்கு மாற்றினால் மூலப் பெயர் திரும்புவதில்லை. கணினியின் அடித்தளத்தில் இவ்விழப்பு இன்னும் கடுமையானது.

1963இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட ஆஸ்கி, ஏழு பிட்டுகளில் 128 இடங்களை மட்டுமே கொண்டது. 1990களில் உருவான டிஸ்கி, அவ்விடங்களைத் தொடாமல் அடுத்த 128 இடங்களில் தமிழை அமர்த்தியது. எட்டாம் பிட்டை வெட்டிய அஞ்சல் வழங்கிகளில் அத்தமிழ் சிதைந்தது. 1991இலேயே யூனிகோடு தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தது. ஆயினும் பிட்டுகளை வெட்டும் நிரல் அதனையும் விட்டுவைக்காது. ஓர் எழுத்தின் யூனிகோடு எண்ணில் கடைசி ஏழு பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால் மகரம் முற்றுப்புள்ளியாகும், யகரம் சாய்கோடாகும். யூனிக்சில் சாய்கோடு அடைவுகளைப் பிரிக்கும் குறி. 'கோயில்' எனப் பெயரிட்ட கோப்பு எங்கே போய்ச் சேரும்! தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி இடுவதும் தீர்வன்று; 'கல்', 'பல்' இரண்டும் ஒன்றாகிவிடும்.

2003இல் வகுக்கப்பட்ட பியூனிகோடு, ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே கொண்டு எழுதியும் மூலத்தை முழுமையாக மீட்டுத் தருகிறது. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், 2011இல் சிங்கப்பூர் பெற்ற தமிழ் இணையமுகவரி ஈறு, பெயர் வழங்கிகளில் இவ்வுருவிலேயே பதிந்துள்ளது.