ஈரத்தைப் பூட்டிய பெட்டி

தேயிலையும், கொயினா மருந்து தரும் சிங்கோனாவும், ரப்பரும் கண்டம் விட்டுக் கண்டம் போன வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆட்களின் கதையாகவே சொல்கிறார்கள். சீனர் வேடமிட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்த ராபர்ட் ஃபார்ச்சூன், ஆண்டீஸ் மலைச்சரிவில் சிங்கோனா நாற்றுகளைத் தேடி அலைந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம், அமேசான் கரையிலிருந்து ரப்பர் விதைகளைக் கப்பலேற்றிய ஹென்றி விக்ஹாம் என்று அந்தப் பட்டியல் நீளும். இவர்களைத் துணிந்தவர்கள் என்பாரும் உண்டு, திருடர்கள் என்பாரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். செடியை வேரோடு பெயர்த்தெடுப்பது எக்காலத்திலும் பெரிய காரியமாக இருந்ததில்லை. எடுத்த செடியை மாதக்கணக்கான கடற்பயணத்தில் உயிரோடு காப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்தப் பாட்டைத் தீர்த்தது, ஒரு மரப்பெட்டிக்குள் காற்றின் ஈரத்தைக் குறையாமலும் மிஞ்சாமலும் வைத்திருக்கும் உத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோட்டப்பயிர் வரலாற்றில் எந்தச் செடி எங்கே பிழைத்தது, எங்கே செத்தது என்பதை விளக்க, ஆட்களின் துணிச்சலைவிட இந்த ஈரக் கணக்குதான் அதிகம் உதவுகிறது.

பெட்டி வருவதற்கு முன்பிருந்த நிலை படுமோசம். மக்காவில் இருந்த ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர், சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் உயிரோடு போய்ச் சேருகிறது என்று 1819-ல் கணக்குச் சொன்னார். காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். செடிக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே மேல்தளத்தில் வைக்க வேண்டும். மேல்தளத்திலோ உப்புத் திவலை தெறித்து இலையைக் கருக்கும், கடற்காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். கீழ்த்தளத்தில் வைத்தால் இருட்டில் வெளிறிச் சாகும். ஊற்றுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். அது மாலுமிகள் குடிக்க அளந்து கொடுக்கும் தண்ணீர். 1789-ல் கலகம் வெடித்த பவுண்டி கப்பலில் டஹிட்டியிலிருந்து ஏற்றிய ஈரப்பலாச் செடிகள் 1,015. அவற்றை வைக்கக் கப்பலின் பெரிய அறையையே நாற்றங்காலாக மாற்ற வேண்டியிருந்தது. ஓர் அரசின் கடற்படை இவ்வளவு இடத்தையும் தண்ணீரையும் ஒதுக்கினால்தான் செடி நகரும் என்றால், வணிகக் கப்பலில் அது நடக்கிற காரியமில்லை.

வழி பிறந்தது லண்டனின் கிழக்குப் பகுதியில், கப்பல்துறைக்குப் பக்கத்திலிருந்த வெல்குளோஸ் சதுக்கத்தில். அங்கே வைத்தியம் பார்த்து வந்த நதேனியல் பாக்ஷா வார்டுக்குப் பெரணிகள் மீது தீராத ஆசை. நகரத்தின் நிலக்கரிப் புகையில் அவர் நட்ட பெரணியெல்லாம் கருகிப்போயிற்று. 1829-ல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு எப்படிப் பொரிகிறது என்று பார்ப்பதற்காக, அகலவாய்க் கண்ணாடிப் புட்டியில் ஈரமான மட்குமண்ணைப் போட்டுப் புழுவைப் புதைத்து மூடி வைத்தார். பகல் சூட்டில் மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே வழிந்ததைக் கவனித்தார். கொஞ்ச நாளில் அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. வெளியே எத்தனை முயன்றும் வளராதவை, தண்ணீரே ஊற்றாத புட்டிக்குள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தழைத்தன. அவை அழிந்த விதம் இந்த வரலாற்றுக்கு முக்கியமானது. வார்ட் ஊரில் இல்லாதபோது மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே இறங்கிவிட்டது. ஈரம் இல்லாமல் அவை சாகவில்லை, அளவுக்கு மீறிய ஈரத்தில் செத்தன.

புட்டியிலிருந்து பெட்டிக்குப் போவது அடுத்த படி. 1833-ல் ஹாக்னியின் பெயர்பெற்ற நாற்றுப்பண்ணைக்காரரான ஜார்ஜ் லோடிஜஸின் துணையோடு, பெரணியும் புல்லும் நட்ட இரண்டு கண்ணாடிப் பெட்டிகளை வார்ட் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். செடிகள் நலமாகப் போய்ச் சேர்ந்தன. 1834-ல் அதே பெட்டிகள் அந்நாட்டுச் செடிகளோடு சிட்னியிலிருந்து திரும்பின. புறப்படும்போது வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ். கேப் ஹார்ன் முனையில் உறைநிலைக்கு ஏழு டிகிரி கீழே, மேல்தளமெங்கும் பனி. நிலநடுக்கோட்டைக் கடக்கையில் 49 டிகிரி. அந்த ஆண்டு நவம்பரில் லண்டனில் திறந்தபோது உள்ளே பசுமை மாறாமல் இருந்தது. முன்பெல்லாம் இருபதில் பத்தொன்பது செடியை இழந்து வந்த தாம், இந்தப் பெட்டியால் இருபதில் பத்தொன்பதைப் பிழைக்க வைப்பதாக லோடிஜஸ் சொன்னார். கிளாஸ்கோ பக்கத்தில் மகோனகி என்பவர் சில ஆண்டுகள் முன்பே இதுபோல் கண்ணாடிக்குள் செடி வளர்த்தது உண்மை. அவர் அதை வெளியிடவில்லை. வார்ட் பயணத்தில் சோதித்து, 1842-ல் புத்தகமாகவும் எழுதினார். அதனால் பெட்டிக்கு அவர் பெயரே நிலைத்தது.

பெட்டியின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உறுதியான மரப்பலகையில் செய்த தொட்டி. மேலே கூரைபோல இருபுறமும் சரியும் கண்ணாடிச் சட்டங்கள். தளத்தைக் கழுவும் தண்ணீரும் அலைநீரும் அடியில் படாதபடி கட்டைக் கால்கள். கப்பல் ஆடும்போது மண் புரளாமலிருக்கச் செடிகளுக்கு இடையே குறுக்குச் சட்டங்கள். கண்ணாடி உடையாமலிருக்க மேலே கம்பி வலை. உள்ளே மண்ணை நனைத்து, மிச்ச நீர் வடிந்த பிறகே மூட வேண்டும். பகலில் வெயில் பட்டதும் மண்ணும் இலையும் நீராவியை விடுகின்றன. காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் இலையிலிருந்து நீர் வெளியேறுவது தானாகவே குறைகிறது. இரவில் கண்ணாடி குளிர்ந்ததும் ஆவி துளியாகி, சரிவில் வழிந்து மண்ணுக்குத் திரும்புகிறது. செடி குடித்த தண்ணீரையே மறுபடி குடிக்கிறது. பெட்டி முற்றிலும் காற்றுப்புகாதது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியல்ல. சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் இடுக்குகள் வழியே காற்று போய்வந்துகொண்டுதான் இருந்தது. உப்பும் புகையும் மட்டும் பெரும்பாலும் வெளியே நின்றன.

விதையாகக் கொண்டுபோயிருந்தால் பெட்டியே தேவைப்பட்டிருக்காதே என்று கேட்கலாம். நெல்லுக்கும் கோதுமைக்கும் அது சரி. தேயிலை, ரப்பர் விதைகள் அப்படிப்பட்டவை அல்ல. காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும், ஈரத்தில் குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஃபார்ச்சூன் தேயிலை விதைகளைப் பெட்டியின் மண்ணிலேயே விதைத்துவிட்டார். அவை பயணத்திலேயே முளைத்து, 1851-ல் வட இந்தியாவின் சஹாரன்பூரை எட்டியபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாற்றுகளாக இருந்தன. ரப்பரின் கணக்கு இன்னும் தெளிவு. விக்ஹாம் 1876-ல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்த விதைகள் சுமார் 70,000. முளைத்தவை ஏறத்தாழ 2,700, அதாவது நூற்றுக்கு நான்கு. அதே ஆண்டு அந்த நாற்றுகளில் 1,919, வார்ட் பெட்டிகள் 38-ல் இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றில் பெரும்பகுதி உயிரோடு இறங்கி, கம்பஹா அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் வேரூன்றியது. ஒரே செடி, ஒரே ஆண்டு. விதையாக வந்தபோது ஏறக்குறைய எல்லாம் வீண், பெட்டியில் போனபோது ஏறக்குறைய எல்லாம் மிச்சம். புகழ் மட்டும் விக்ஹாமுக்குப் போய்விட்டது.

இதைவிடக் கடினமான மறுப்பு மார்க்கமின் தோல்வி. அவர் பெருவில் சேர்த்த சிங்கோனா நாற்றுகளும் வார்ட் பெட்டியில்தான் வந்தன. பனாமா, சவுத்தாம்ப்டன், எகிப்து, செங்கடல், பம்பாய், கோழிக்கோடு என்று சுற்றி 1860 அக்டோபரில் நீலகிரிக்கு வந்தவை கெட்டு நைந்து, ஒன்றுமில்லாமல் போயின. அடுத்து ஈக்வடாரிலிருந்து ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேர்த்து, ராபர்ட் கிராஸ் கூடவே இருந்து கொண்டுவந்த நாற்றுகளும் இதே செங்கடல் வழியாகத்தான் வந்தன. 1861 ஏப்ரலில் உதகைக்கு வந்த அவற்றில் பெரும்பகுதி பிழைத்தது. சிற்றினம் வேறு என்பதும் கூடவே ஒரு தோட்டக்காரர் இருந்தார் என்பதும் காரணங்கள்தான். ஆனாலும் முந்தையவை செங்கடலைக் கடந்தது கோடையின் கடைசியில், பிந்தையவை கடந்தது குளிர்காலம் முடிகிற பருவத்தில். 30 டிகிரிக் காற்று 20 டிகிரிக் காற்றைவிட ஒன்றே முக்கால் மடங்கு நீராவியைத் தாங்கும். கண்ணாடிக்குள் வெப்பம் ஏற ஏற, குளிர்ந்த மலைக்காட்டுச் செடி ஈர வெக்கையில் வெந்துபோகும். ஆகவே மார்க்கமின் தோல்வி என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஈரத்தை வெப்பத்திலிருந்து தனியாகப் பிரித்துக் கணக்குப் பார்க்க முடியாது. 2018 முதல் கஞ்சா சட்டபூர்வமாகியுள்ள கனடாவில், உள்ளரங்கில் அதை வளர்ப்பவர்கள் இன்று கருவி வைத்துப் பார்ப்பதும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான். நாற்றுப் பருவத்தில் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டை ஒட்டி இருக்கலாம். பூ அடர்ந்ததும் ஐம்பதுக்குக் கீழே இறக்காவிட்டால் சாம்பல் பூஞ்சணம் உள்ளிருந்தே அழுக வைக்கும். வார்டின் பெட்டியும் நாற்றைக் கடத்தத் தகுந்தது, பூக்க வைக்கத் தகுந்ததல்ல.

பெட்டிக்கு இவ்வளவு பெருமை கொடுத்தால் பேரரசின் பணமும் கூலிகளின் உழைப்பும் மறைந்துபோகாதா என்ற கேள்வி நியாயமானது. உதகைக்கு வந்த நாற்றுகளைப் பெருக்கியவர் அரசுத் தோட்டத்தின் மக்கைவர். நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் மலாயாப் பகுதியின் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள். 1877-ல் சிங்கப்பூரை அடைந்த ரப்பர் செடிகள் வெறும் 22. பின்னாளில் மலாயா முழுவதும் பரவிய ரப்பர்க் காட்டுக்குக் கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கப்பலேற்றினார்கள். பெட்டி இந்தக் கொடுமைகளைச் செய்ததாக நான் சொல்ல வரவில்லை. பணமும் அதிகாரமும் 1819-லும் இருந்தன. அப்போது ஆயிரத்துக்கு ஒரு செடிதான் பிழைத்தது. அதிகாரம் எந்தப் பயிரைத் தேடிப் போகலாம் என்ற எல்லையைப் பெட்டிதான் விரித்தது. கைகூடாத ஆசைக்காக யாரும் கூலி ஆள் பிடிப்பதில்லை.

பெட்டியின் பலம் எதுவோ அதுவே கடைசியில் அதற்கு எதிராகவும் திரும்பியது. ஈரத்தைச் சேமித்து வைத்தது உள்ளிருந்த மண். அந்த மண்ணோடு புழுவும் பூச்சி முட்டையும் பூஞ்சண வித்தும் செடிக்குக் கிடைத்த அதே இதமான காற்றில் கடல் தாண்டின. அமெரிக்கா 1912-ல் செடித் தொற்றுத்தடைச் சட்டம் இயற்றி, 1919-ல் மண்ணோடு வரும் செடிகளை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. மற்ற நாடுகளும் இதே வழியில் விதிகளை இறுக்கின. விமானமும் பாலித்தீன் உறையும் வந்த பிறகு, வேரை மண் போகக் கழுவி, நனைத்த பாசியில் பொதிந்து, உறையில் கட்டிச் சில நாளில் அனுப்ப முடிந்தது. கியூ தோட்டம் வார்ட் பெட்டியைக் கடைசியாகப் பயன்படுத்தியது 1960-களின் தொடக்கத்தில்.