எலா பேக்கரும் மாணவர் தலைமையும்

எலா ஜோசபின் பேக்கர் (1903–1986), அமெரிக்க ஐக்கிய நாட்டில் கறுப்பின மக்களின் குடிமை உரிமைகளுக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்த பெண்மணி. 1960ஆம் ஆண்டில் அந்நாட்டின் தென்மாநிலக் கலாசாலை மாணாக்கர் தமக்கென ஒரு ஸ்தாபனம் கண்டபோது, அதன் பிறப்புக்குக் காரணமாகவும், பிறந்த பின் அதை எவரும் கவர்ந்துகொள்ளாமல் காத்த செவிலியாகவும் நின்றவர் அவரே. மாணவர் அஹிம்சை ஒருங்கிணைப்புக் குழு என்னும் அந்த ஸ்தாபனம் ஆறேழு ஆண்டுகளே வலிவுடன் இயங்கிற்றாயினும், இளைஞரைத் தலைமைக்கு உரியவராக்குவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த விடைகளுள் அதன் வரலாறு தலையாயது என்று கருத இடமுண்டு. ஏனெனில், வருங்காலத் தலைவர்கள் என்று இளைஞரை வாயாரப் புகழ்ந்துவிட்டு, நிகழ்காலப் பொறுப்பை மட்டும் பெரியவர்களே வைத்துக்கொள்ளும் உலக வழக்கத்தைப் பேக்கர் சிறிதும் ஏற்கவில்லை.

வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் நகரில் 1903 டிசம்பர் 13இல் பிறந்த அவர், வட கரோலினாவின் லிட்டில்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அடிமையாய் இருந்த காலத்தில், எஜமானன் குறித்த ஆடவனை மணக்க மறுத்துக் கசையடி பட்ட பாட்டியார் சொல்லிய பழங்கதைகளே அவருடைய முதற்கல்வி. ராலே நகரத்து ஷா சர்வகலாசாலையில் 1927இல் முதன்மையாகத் தேறி, நியூயார்க் சென்று, பொருளாதாரம் சீர்குலைந்திருந்த முப்பதுகளில் கூட்டுறவுச் சங்கங்களை வளர்க்கும் பணியில் ஈடுபட்டார். 1940இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கத்தின் ஊழியராகி, 1943 முதல் 1946 வரை அதன் கிளைகள் அனைத்துக்கும் இயக்குநராயிருந்த காலத்தில், தெற்கே ஊர் ஊராகச் சுற்றி மாதாகோயில்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் சாமானிய மக்களோடு பேசிப் பழகிய அவர், ஊர்தோறும் சந்தா செலுத்தும் அங்கத்தினர் நிறைந்திருந்தும், தீர்மானங்கள் யாவும் நியூயார்க் தலைமை நிலையத்திலேயே பிறப்பதைக் கண்டு மனம் வருந்தினார். உள்ளூர் ஊழியருக்கென அவர் தொடங்கிய தலைமைப் பயிற்சி மாநாடுகள் அவ்வருத்தத்தின் பயன். அவற்றுள் ஒன்றில் கலந்துகொண்டவருள் ஒருவர், 1955இல் மான்ட்காமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ்.

மார்ட்டின் லூதர் கிங்கைத் தலைவராகக் கொண்டு 1957இல் தோன்றிய தென்னகக் கிறிஸ்தவத் தலைவர் மாநாடு என்னும் சங்கத்தின் அட்லாண்டா காரியாலயத்தை நிறுவி நடத்தும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. கிங்கின் வாக்கு வன்மையை அவர் மறுத்தாரில்லை. ஆயினும், ஒரு மாமனிதரின் குரலை நம்பியே ஒரு ஜன சமூகம் முழுதும் நிற்குமானால், அக்குரல் ஓய்ந்த அன்று அச்சமூகம் என் செய்யும் என்ற கவலை அவரை விட்டகலவில்லை. போதகர்களாகிய ஆடவர் நிறைந்த அச்சபையில், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் அபிப்பிராயத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1960 பிப்ரவரி 1ஆம் நாள், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், முதலாண்டு மாணவர் நால்வர் ஊல்வொர்த் கடையின் வெள்ளையருக்கு மட்டுமேயான சிற்றுண்டி மேஜையில் அமர்ந்து காப்பி கேட்டனர், மறுக்கப்பட்டும் எழுந்திருக்கவில்லை. எந்தச் சங்கத்தின் ஆணையுமின்றித் தொடங்கிய அவ்வறப்போர், சில வாரங்களிலேயே தென்மாநில நகரங்கள் பலவற்றுக்கும் பரவிற்று. ஒரு கலாசாலையில் நடப்பது மற்றொன்றுக்குப் பத்திரிகை வாயிலாகவே தெரிந்த நிலையில், இம்மாணாக்கரை ஒருவரையொருவர் சந்திக்கச் செய்ய வேண்டும் என்று கருதிய பேக்கர், தம் சங்கத்திடமிருந்து 800 டாலர் பெற்று, தாம் பயின்ற ஷா சர்வகலாசாலையில், ஏப்ரல் மாதத்து ஈஸ்டர் விடுமுறையில் மாநாடு கூட்டினார். ஏறக்குறைய நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர்.

அம்மாநாட்டை அவர் நடத்திய முறை ஊன்றி நோக்கத் தக்கது. வடமாநிலங்களிலிருந்து வந்த மாணாக்கர் கோட்பாடுகளை நன்கு கற்றவர். சபையில் தங்கு தடையின்றிப் பேச வல்லவர். தென்மாநிலத்தவரோ, சிறை சென்றவரும் அடியுண்டவருமாயினும், சபையில் எழுந்து பேசிப் பழகாதவர். இரு திறத்தாரையும் ஒரே கூடத்தில் அமர்த்தினால், அடிபட்டவர் வாய் மூடியிருக்க, கற்றவர் குரலே ஓங்கும் என்றுணர்ந்த பேக்கர், முதலில் அவர்களைத் தனித்தனியே கூடிப் பேசச் செய்து, தென்னகத்தார் தம் எண்ணத்தைத் தம் நடையில் தெளிவாக்கிக்கொண்ட பின்னரே பொதுச் சபையைக் கூட்டினார். இளைஞருக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதாகச் சொல்லும் பலரும், பேசுவோனுடைய நாவைத் திருத்த முயல்வரேயன்றி, அவன் பேசும் இடம் அவனுக்கு உகந்ததா என்று வினவுவதில்லை. பேக்கரோ இடத்தைத் திருத்தினார். மாணாக்கர் வேண்டுவது ஒரு துண்டு இறைச்சி ரொட்டியினும் மிகப் பெரியது, சமூக வாழ்வு முழுவதிலும் சமத்துவம் என்பதே அவர் ஆற்றிய உரையின் சாரம்.

மாணவர் சக்தியின் அருமையை உணர்ந்த மூத்த சங்கங்கள், அவர்களைத் தத்தம் இளைஞர் கிளையாக்கிக்கொள்ள விழைந்தன. பேக்கர் ஊழியம் புரிந்த சங்கத்தின் தலைவர்களும் அவ்வாறே ஆலோசித்தபோது, அதற்கு இசையாமல் அவர் அக்கூட்டத்தை விட்டு வெளியேறினார். ஊதியம் தரும் ஸ்தாபனத்தின் நலத்தைவிட, இன்னும் பெயர்கூடப் பெறாத ஒரு மாணவர் கூட்டத்தின் சுதந்திரத்தைப் பெரிதென மதித்த அச்செய்கை, அவர் வாழ்வின் உன்னதமான நிகழ்ச்சி என்றே இக்கட்டுரையாளன் எண்ணுகிறான். மாணாக்கர் தனித்தே இயங்குவதென்று முடிவு செய்தனர். நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக் காந்தியடிகளின் நெறியைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாஸன் கொள்கை விளக்கத்தை வரைந்தார். மேரியன் பேரி முதல் தலைவரானார்.

பின் வந்த ஆண்டுகளில் பேக்கர் அக்குழுவின் ஆலோசகராயிருந்தார். ஆலோசனை கூறியதைவிட வினவியதே மிகுதி. விடிய விடிய நடக்கும் கூட்டங்களில், சுவாச நோயினால் சிகரெட் புகை தாங்காமல் முகத்தில் துணிக்கவசம் அணிந்தபடி மௌனமாக அமர்ந்திருந்து, பேச்சு திசை மாறும்போது ‘இதனால் நீங்கள் அடைய விரும்புவது யாது?’ என்பது போன்ற வினா ஒன்றை எழுப்பி மீண்டும் மௌனமாவது அவர் வழக்கம். 1961 ஆகஸ்டில் டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் பள்ளியில் கூடியபோது, நேரடி அறப்போரே வேண்டுமென்பாரும், வாக்காளர் பதிவே தக்கதென்பாரும் எதிரெதிர் நின்று குழுவே பிளவுறும் நிலை எய்திற்று. அப்பொழுதுதான் அவர் வழக்கத்துக்கு மாறாக இடைபுகுந்து, ஒரே குழுவில் இரு பிரிவுகள் இருக்கலாகாதா என்றார். டயேன் நாஷ் ஒன்றுக்கும் சார்லஸ் ஜோன்ஸ் மற்றொன்றுக்கும் பொறுப்பேற்றனர். மிசிசிப்பி மாநிலத்தில் வாக்குரிமை கேட்பதே அடியும் சிறையும் வருவிக்கும் அறப்போராயிருந்தமையால், அப்பிரிவினை விரைவில் தானே பொருளற்றுப் போயிற்று. பெரியவர் ஒருவர் அன்று தீர்ப்பளித்திருந்தால் ஒரு பாதியினர் விலகியிருப்பர். அனுபவம் அளித்த தீர்ப்பை அனைவரும் ஏற்றனர்.

நியூயார்க்கில் கணித ஆசிரியராயிருந்த ராபர்ட் மோசஸ் என்னும் இளைஞர் 1960 கோடையில் அட்லாண்டா வந்தார். பேக்கர் தம் பழைய பயணங்களில் அறிந்திருந்த மனிதர்களின் பெயர்களை அவருக்குக் கொடுத்து மிசிசிப்பிக்குப் போக்கினார். அவ்வழியே மோசஸ் சந்தித்த ஏம்ஸி மூர், இங்கே சிற்றுண்டி மேஜையினும் முதற்கண் வேண்டியது வாக்குச்சீட்டு என்று உணர்த்தினார். கறுப்பினத்தாருள் நூற்றுக்கு எழுவர்கூட வாக்காளராகப் பதிவு பெறாத மாநிலம் அது. 1961இல் மக்கோம் நகரில் வேலை தொடங்கியபோது, போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற பிரெண்டா டிராவிஸ் என்னும் மாணவியைப் பள்ளி நிர்வாகம் மீண்டும் சேர்க்க மறுக்க, நூற்றுக்கு மேற்பட்ட உடன்பயில்வோர் வகுப்பை விட்டு வெளிநடந்தனர். அவர்களுக்காகக் குழுவினர் தாமே ஒரு பள்ளி நடத்தினர். மோசஸ் கணிதமும், சார்லஸ் மக்டியூ வரலாறும் கற்பித்தனர். வாரத்துக்குப் பத்து டாலர் படியில் குடியானவர் வீடுகளில் தங்கி, அவர்களோடு உண்டு உழைத்த களப்பணியாளர், பேக்கரிடம் தாம் கண்ட முறையையே கிராமத்தாரிடமும் கையாண்டனர்.

1962 ஆகஸ்டில் அவர்கள் கூட்டிய கூட்டமொன்றில், தமக்கு வாக்குரிமை உண்டென்பதை முதன்முதலாகக் கேட்டறிந்த பருத்திப் பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர், பதிவு செய்யச் சென்ற குற்றத்துக்காகப் பதினெட்டாண்டு உழைத்த பண்ணையினின்று துரத்தப்பட்டார். நாற்பது வயதைக் கடந்தபின், தம் மக்கள் வயதினரோடு களப்பணியாளரான அவர், 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக் குழுவின் முன் அளித்த வாக்குமூலத்தை நாடெங்கும் தொலைக்காட்சியில் கண்டனர். இளைஞர் குரல் பெறுவதால் முதியோர் குரல் குன்றும் என்று அஞ்சுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். அதே கோடையில் மிசிசிப்பியில் நாற்பதுக்கு மேற்பட்ட சுதந்திரப் பள்ளிகள் திறக்கப்பட்டு, 2,000க்கும் அதிகமான மாணாக்கர் பயின்றனர். சார்லஸ் காப் என்னும் இளம் பணியாளரின் யோசனையில் விளைந்த அப்பள்ளிகளில், பாடத்தின் மையம் வினாக்களே. மாணாக்கர் தாமே செய்தித்தாள் வெளியிட்டனர். ஆகஸ்டில் மெரிடியன் நகரில் பிரதிநிதிகளாகக் கூடி, கல்வி, வீட்டுவசதி, வேலை முதலியவை குறித்த கோரிக்கைகளைத் தாமே விவாதித்து நிறைவேற்றினர். அக்கோடையிலேயே செனி, குட்மன், ஷ்வர்னர் என்னும் தொண்டர் மூவர் கொலையுண்டனர் என்பதை நினைத்தால், அச்சிறாரின் துணிவு எத்தகையது என்பது விளங்கும்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஒருமித்த சம்மதம் கிட்டும் வரை பேசுவது என்னும் நியதி, பத்துப் பேர் உள்ள குழுவுக்குப் பொருந்தியவாறு, பெருகிய ஸ்தாபனத்துக்குப் பொருந்தவில்லை; கூட்டங்கள் நாட்கணக்கில் நீண்டு பலரைச் சோர்வடையச் செய்தன. 1964இல் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் ஹேமர் முதலிய மிசிசிப்பிப் பிரதிநிதிகளுக்குக் கட்சித் தலைவர்கள் இரண்டே இடம் தர முன்வந்த ஏமாற்றமும், தோழர்களின் மரணமும் கசப்பை வளர்த்தன. 1966இல் ஸ்டோக்லி கார்மைக்கேல் தலைமையேற்றுக் கறுப்பர் அதிகாரம் என்னும் கோஷத்தை முழக்கினார். அவ்வாண்டின் இறுதியில் வெள்ளை அங்கத்தினர் விலகுமாறு தீர்மானமாயிற்று. எழுபதுகளின் தொடக்கத்துக்குள் குழு மறைந்தது. மனிதர் நிலைத்தனர். அக்குழுவில் இருந்த ஜான் லூயிஸ் 1987 முதல் 2020இல் மறையும் வரை நாடாளுமன்றத்தில் அங்கத்தினராயிருந்தார். மேரியன் பேரி வாஷிங்டன் மாநகரின் மேயரானார். பேக்கர், தாம் பிறந்த நாளாகிய டிசம்பர் 13இலேயே, 1986இல் தம் எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

மோசஸ் மட்டும் கரும்பலகைக்குத் திரும்பினார். ஏழைப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் எட்டாமற் போவது, அக்காலத்தில் வாக்குரிமை எட்டாமற் போனதை ஒத்த அநீதி என்று கருதி, எண்பதுகளில் இயற்கணிதத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதிற் பயின்று தேறிய இளைஞர், 1996இல் தமக்கென ஓர் அமைப்பை நிறுவி, தம்மினும் இளையோருக்குக் கணிதம் கற்பிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றனர்.