நோயை நிரூபிக்க வேண்டியவர் யார்?

போரில் ஒரு காலை இழந்து திரும்பியவனுக்கு உதவித்தொகை வழங்க அரசுகள் அவ்வளவாகத் தயங்குவதில்லை. காயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. எந்தச் சண்டையில் பட்டது என்று சொல்லச் சாட்சிகளும் இருக்கிறார்கள். ஊர் திரும்பிப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து நுரையீரலிலோ இரத்தத்திலோ மனத்திலோ தலைகாட்டும் நோய் போர்க்களத்திலிருந்து வந்ததுதானா என்று கேட்கும்போதுதான் வழக்கு முளைக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் எந்த ஆண்டில் எத்தனை டாலர் ஒதுக்கப்பட்டது என்ற கணக்காகவே சொல்லப்படுகிறது. அந்த வரலாற்றின் உயிர்நாடி, நிரூபிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியில் இருக்கிறது என்பது என் வாதம். நோயாளியே நிரூபிக்கட்டும் என்று சட்டம் சொன்ன காலங்களில் தாராளமான தொகையும் பலருக்கு எட்டவில்லை. அந்தச் சுமையை அரசு ஏற்றபோதெல்லாம், ஏற்கவேண்டிய காலம் கடந்த பிறகே ஏற்றது.

தொடக்கத்திலேயே இதன் சாயல் தெரிகிறது. 1776 ஆகஸ்டில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அங்கம் இழந்தவர்களுக்கும் உழைக்க முடியாமல் போனவர்களுக்கும் பாதிச் சம்பளம் தருவதாகக் காங்கிரஸ் வாக்களித்தது. உடல் முழுதாகத் திரும்பியவர்கள் 1818 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டுச் சட்டம் ஒன்பது மாதம் பணியாற்றி இப்போது வறுமையில் வாடும் சிப்பாய்க்கு மாதம் 8 டாலரும் அதிகாரிக்கு 20 டாலரும் தந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் விண்ணப்பிக்கவே, 1820இல் ஒரு திருத்தம் வந்தது: விண்ணப்பித்தவர் நீதிமன்றத்தில் நின்று தன் சொத்துப் பட்டியலைச் சத்தியம் செய்து ஒப்படைக்க வேண்டும். கிழவர்கள் தங்கள் பசு, பானை, நாற்காலி வரை எண்ணிச் சொன்ன அந்தப் பட்டியல்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் பெயர் நீக்கப்பட்டது. போதிய காலம் பணிபுரிந்திருந்தாலே போதும், வறுமையைக் காட்ட வேண்டாம் என்று சட்டம் இறங்கிவந்தது 1832இல். போர் முடிந்து அப்போது சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

உள்நாட்டுப் போர் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. வடக்குப் படையில் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் குண்டடியால் இறக்கவில்லை. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு போன்ற நோய்களால் இறந்தார்கள். பிழைத்தவர்களும் அதே நோய்களின் மிச்சத்தோடுதான் வீடு வந்தார்கள். 1862ஆம் ஆண்டுச் சட்டம் நோயையும் கணக்கில் சேர்த்தது. ஆனால் அது படைப்பணியால் வந்தது என்பதற்கு மேலதிகாரியோ இராணுவ மருத்துவரோ உடன் இருந்தவர்களோ சாட்சி சொல்ல வேண்டும். சாட்சிகள் செத்துப்போயிருந்தால்? முகாம் மருத்துவர் எதையும் எழுதிவைக்காமல் இருந்திருந்தால்? இந்த நிபந்தனை கடுமையாகத் தாக்கியது சுமார் 1,80,000 கறுப்பினச் சிப்பாய்களை. அவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பிறந்த தேதிக்கு ஏடு கிடையாது, திருமணத்துக்குப் பதிவு கிடையாது. படையில் சேர்ந்தபோது ஒரு பெயர், விடுதலைக்குப் பின் இன்னொரு பெயர். வெள்ளையர் விண்ணப்பங்களைவிட அவர்களுடையவை அதிகமாகத் தள்ளுபடியாயின. படைக்கு ஒற்றராகவும் தாதியாகவும் பணிபுரிந்த ஹாரியட் டப்மனுக்கே முதலில் கிடைத்தது சிப்பாயின் விதவை என்ற முறையில் மாதம் 8 டாலர்தான். 1899இல் அது 20 டாலராக உயர்ந்தபோதும், அவர் தாதியாக இருந்ததை மட்டுமே காங்கிரஸ் ஏற்றது.

1890இல் ஊசல் மறு எல்லைக்குப் போனது. 90 நாள் பணியாற்றி நல்லபடியாக விடுவிக்கப்பட்டு, இப்போது உடலுழைப்புக்கு இயலாத எவருக்கும் ஓய்வூதியம். இயலாமைக்கும் போருக்கும் தொடர்பு காட்ட வேண்டியதே இல்லை. மூன்றாண்டுகளில் மத்திய அரசின் வருவாயில் சுமார் 40 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போனது. நிரூபணத்தைத் தளர்த்தினால் கஜானா காலியாகும் என்போர் இன்றுவரை காட்டும் உதாரணம் இதுதான். அதில் உண்மை இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. தனிநபர்களுக்காகக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஓய்வூதிய மசோதாக்களை அதிபர் கிளீவ்லாண்ட் நூற்றுக்கணக்கில் நிராகரித்தார். அவற்றில் பொய்க் கோரிக்கைகளும் இருந்தன. ஆனால் செலவு வீங்கியதற்கு இன்னொரு காரணம் அன்றைய கட்சி அரசியல். உயர்ந்த இறக்குமதி வரியைக் காப்பாற்ற விரும்பிய குடியரசுக் கட்சிக்கு, அந்த வரி குவித்த உபரியைச் செலவழிக்க ஒரு வழி தேவைப்பட்டது. படைவீரர்களின் ஓட்டு அந்த வழியைக் காட்டியது. மேலும் 1890ஆம் ஆண்டுச் சட்டம் நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றவில்லை. நிரூபிக்க வேண்டியதையே எடுத்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. இடையில் ஒரு வழி உண்டு. இன்ன இடத்தில் இன்ன காலத்தில் பணியாற்றியவருக்கு இன்ன நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லையென்று சொல்ல விரும்பும் அரசு அதற்கு ஆதாரம் காட்டட்டும். முதல் உலகப் போருக்குப் பின் 1921இல் காசநோய்க்கும் மனநோய்க்கும் இந்த விதி வந்தது: படையிலிருந்து விலகி இரண்டாண்டுக்குள் அவை தெரியவந்தால் போதும். 1933இல் சிக்கனத்தின் பெயரால் ரூஸ்வெல்ட் அரசு இத்தகைய பலருடைய தொகையை வெட்டியது. மறு ஆண்டே காங்கிரஸ் அதிபரின் மறுப்பை மீறி அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

சுமை ஏன் அரசின் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு இரக்கத்தைக் காரணம் காட்டத் தேவையில்லை. வீரனை எங்கே அனுப்பினார்கள், அங்கே காற்றிலும் நீரிலும் என்ன கலந்திருந்தது என்பதெல்லாம் அரசின் ஏடுகளில் இருக்கிறது. அவன் கையில் இல்லை. அந்த ஏடுகளும் நிலைத்தவை அல்ல. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த படைப்பணி ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போயிற்று. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓய்வூதிய வழக்குக்கு வக்கீல் பத்து டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஒரு விதி போட்டார்கள். ஏமாற்றுக்காரத் தரகர்களிடமிருந்து சிப்பாயைக் காக்கத்தான் அது வந்தது. 1988 வரை அந்தப் பத்து டாலர் மாறவே இல்லை. அதே ஆண்டு வரை, படைவீரர் துறை மறுத்துவிட்டால் நீதிமன்றத்தில் முறையிடவும் பெரும்பாலும் வழியில்லை. ஆக, ஆதாரம் அரசிடம், வாதாட வக்கீல் கிடையாது, தீர்ப்பு சொல்வதும் அரசே. இந்த நிலையில் இருந்த ஒருவனிடம் போய் நிரூபி என்றது நியாயமே அல்ல.

வியட்நாம் இதை அம்பலமாக்கியது. 1962 முதல் 1971 வரை காடுகளின் இலையை உதிர்க்க ஏறக்குறைய 7 கோடி லிட்டர் களைக்கொல்லி வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி, டையாக்சின் கலந்த ஏஜென்ட் ஆரஞ்ச். புற்றுநோயோடு வந்தவர்களிடம் துறை கேட்டது: மருந்து உங்கள் மேல் பட்டதா, எப்போது, எவ்வளவு? விமானப்படையின் பதிவேட்டில் இருக்கக்கூடிய விடையை நோயாளியிடம் கேட்டார்கள். நதிக்கரைகளில் தெளிக்க உத்தரவிட்ட கடற்படைத் தளபதி எல்மோ ஜம்வால்ட்டின் மகனே அந்த நதிகளில் ரோந்துப் படகை நடத்தியவர். புற்றுநோயால் 1988இல் இறந்தார். தந்தை 1990இல் அரசுக்கு அளித்த அறிக்கையில், ஏராளமான நோய்களை இந்தத் தெளிப்போடு இணைத்துப் பார்க்க ஆதாரம் போதும் என்று வாதிட்டார். 1991 பிப்ரவரியில் சட்டம் வந்தது: வியட்நாமில் பணியாற்றியவர் மருந்துக்கு ஆட்பட்டவராகவே கொள்ளப்படுவார், எந்தெந்த நோய்க்கு அதனோடு தொடர்புண்டு என்பதைத் தேசிய அறிவியல் கழகம் ஆராய்ந்து சொல்லும். அதன் பிறகும் துறை, மண்ணில் கால் வைத்தவர்களுக்கு மட்டும்தான் என்று சுருக்கியது. கரையோரக் கப்பல்களில் இருந்தவர்கள் உரிமை பெற 2019 ஆயிற்று. வியட்நாமியர் நிலை இதைவிடக் கொடியது. அவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2005இல் தள்ளுபடியானது.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் யாருக்குத்தான் வரவில்லை, முதுமையின் நோய்க்கெல்லாம் போரைச் சாட்டலாமா என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. தனி ஒருவரின் நீரிழிவு எதனால் வந்தது என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனாலேயே அந்தக் கேள்வியைத் தனி ஒருவரிடம் கேட்கக் கூடாது என்கிறேன். ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டால், ஆட்பட்டவர்களிடம் நோய் கூடுதலாக இருக்கிறதா என்பதற்கு விடை கிடைக்கும். இரத்த அழுத்தத்துக்குப் போதிய ஆதாரம் உண்டு என்று அறிவியல் கழகம் 2018இல் சொல்லிவிட்டது. துறை அசையவில்லை; நான்கு ஆண்டுகள் கழித்துக் காங்கிரஸ்தான் சேர்க்க வேண்டியிருந்தது. போரோடு தொடர்பில்லாத சிலரும் இதனால் தொகை பெறுவார்கள் என்பதை மறுக்க முடியாது. தகுதியுள்ள பலரைச் சாகும்வரை வாசலில் நிறுத்துவதைவிட அந்தப் பிழை சிறியது.

அதே கதை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் திரும்ப நடந்தது. பலாத் போன்ற முகாம்களில் பிளாஸ்டிக், மின்கலம், மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் விமான எரிபொருள் ஊற்றித் திறந்த குழிகளில் எரித்தார்கள். அருகிலேயே வீரர்கள் உண்டு உறங்கினார்கள். பின்னர் மூச்சுத்திணறலோடு வந்தவர்களின் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றைத் துறை நிராகரித்தது. நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒஹையோ வீரர் ஹீத் ராபின்சனின் பெயரைத் தாங்கிய மசோதா 2022 ஜூலை இறுதியில் செனட்டில் முடங்கியது. படைவீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 2இல் 86க்கு 11 என்று நிறைவேறியது. 10ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்டார். இருபதுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு நிரூபிக்கும் பொறுப்பு வீரரிடமிருந்து அகன்றது. முன்பு மறுக்கப்பட்ட குடும்பங்களும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் இறந்தவரின் மனைவி, அந்த நோயே மரணத்துக்குக் காரணம் அல்லது துணைக்காரணம் என்று இன்னமும் காட்ட வேண்டியிருக்கிறது. இறப்புச் சான்றிதழில் மருத்துவர் மாரடைப்பு என்று மட்டும் எழுதியிருந்தால், பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடிச் சேர்க்கும் வேலை அந்த மனைவியின் தலையில் விழுகிறது. சட்டம் அடுத்து மாற வேண்டிய இடம் இது.