மலைத்தோட்டங்களில் மண்டபமின்றி வளர்ந்த கூத்து

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதையில், வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே அமைந்துள்ள சிறு நிலையம் றொசல்ல. பெருந்தோட்ட விளைபொருளைத் துறைமுகம் சேர்க்கும் நோக்குடன் நீட்டப்பட்ட இப்பாதை 1884இல் ஹற்றனை அடைந்தது. அதன் இருமருங்கும் உள்ள தோட்டங்களின் அமைப்பை நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். கொழுந்துக்குத் தொழிற்சாலை உண்டு. துரைக்குப் பங்களா உண்டு. கணக்குக்குக் கந்தோர் உண்டு. தொழிலாளிக்கு லயக் காம்பரா உண்டு. ஆனால், அத்தொழிலாளர் கூடிக் கலை நிகழ்த்துதற்கென ஓரிடம் அப்பழைய அமைப்பில் ஒதுக்கப்படவில்லை. இருந்தும் அவர்கள் நூற்றாண்டுக்கு மேலாகக் கூத்தாடியே வந்திருக்கின்றனர். அஃது எவ்வாறு இயன்றது என்பதே இக்கட்டுரை ஆராய விழையும் பொருளாகும்.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டுத் தமிழகத்தின் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் இம்மலைகளுக்கு வந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயினால் அழிந்தபின், தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதே தவிர, மக்கள் தம்மோடு கொணர்ந்த கலைகள் மாறவில்லை. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்பன அவற்றுட் சிறந்தவை. இம்மக்களின் பாட்டு வடிவத்தின் வலிமையைத் தோட்ட உலகமும் உணர்ந்திருந்தது. ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றி 1869இல் அச்சேறிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ கோப்பிப் பயிர்ச்செய்கையையே கும்மியிற் பாடியது இதற்குச் சான்றாகும்.

காமன் கூத்து மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து பிறை தோன்றும் நாட்களில் தொடங்குவது. இலங்கையில் மிகுதியான மழை பெறும் பகுதிகளுள் ஒன்றாகிய வட்டவளைச் சூழலில், மாசியே வானம் தெளிந்திருக்கும் காலம். கூரையற்ற அரங்குக்கு அதனினும் ஏற்ற பருவம் வேறில்லை. காப்புக் கட்டி விரதம் பூண்ட ஆட்டக்காரர், பொட்டல் நிலத்திலே காமன் கம்பத்தை நடுவர். இரதியாக வேடமிடுவோனும் ஆணே. இரதியும் மன்மதனும் லயந்தோறும் சென்று ஆடுவர். கூத்தைக் காண மக்கள் செல்லுதலோடு, மக்களைக் காணக் கூத்தும் செல்லும். சிவனது தவத்தைக் குலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிதலும், இரதியின் புலம்பலும் இறுதி இரவில் நிகழும். அன்று கம்பமும் தீக்கிரையாகும். அருச்சுனன் தபசிலோ, அருச்சுனனாக ஆடுவோன் பாடிக்கொண்டே உயர்ந்த கம்பத்தில் ஏறுவான். இவ்விரு கூத்துகளுக்கும் வேண்டுவன திறந்த வெளியும், நட்ட மரமும், சூழ்ந்திருக்கும் மக்களுமே. ஆண்டுதோறும் நட்டு, ஆண்டுதோறும் எரித்து, மறுமாசியில் மீண்டும் நடப்படும் காமன் கம்பமே அவர்களது அரங்கின் அடையாளமாயிற்று.

இக்கூத்தின் உயிர்நாடி தப்பு. ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டியதொன்றுண்டு. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் இதே தப்புத்தான். சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டம் பற்றிய கவிதை நூலில் இவ்விடியற் பறையொலி கேட்கும். காலையில் துரையின் கட்டளையை அறிவித்த தோற்கருவி, மாசி இரவில் இரதியின் துயரைச் சொல்லிற்று. ஒரே கையே இரண்டையும் அடித்தது. பகலெல்லாம் பிறருக்கென உழைத்த மக்கள் தமக்கென வைத்திருந்த இரவு இது.

இனி, மண்டபம் ஏன் அமையவில்லை என்பதை நோக்குவோம். இதற்கு விடை சட்டத்தின் ஏடுகளில் உள்ளது. தோட்டம் தனியார் உடைமை. அதனுள் கூட்டம் கூடுதற்கும் நிருவாகத்தின் இசைவு வேண்டியிருந்தது. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்குரிமை கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின்னரும் நிலைமை முற்றாக மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுதற்குத் தடையாயிருந்தது. இத்தடை 2018இல்தான் திருத்தத்தின் மூலம் நீங்கிற்று. அயற்கிராமத்தில் பொதுப்பணத்தால் மண்டபம் எழ, அடுத்த மேட்டிலுள்ள லயத்தில் அஃது எழாமைக்கு இதுவே காரணம். கலையார்வம் இல்லாமையால் மண்டபம் இல்லாது போயிற்று எனக் கருதுதல் பெரும் பிழையாகும்.

மண்டபம் இல்லாமையினும் ஆழ்ந்த ஊறு மக்கள் பிரிந்தமையால் நேர்ந்தது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. ஒரு லயத்தில் வாழ்ந்தோர் இரு நாட்டினராயினர். ஏட்டில் எழுதாது வாய்மொழியாகப் பயிலப்பட்ட கலைக்கு, வாத்தியார் ஒருவர் கப்பலேறுவது ஒரு நூல் எரிவதை ஒக்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே மட்டக்களப்புக் கூத்துகளை மேடைக்குரியனவாகச் செம்மைப்படுத்திப் புத்துயிரளித்தார். அப்பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலேயே உள்ள மலைகளின் கூத்துக்கு அத்துணைக் கவனம் அக்காலத்திற் கிட்டவில்லை. பின்னர் மாத்தளை வடிவேலன் போன்றோர் இக்கலைகளைத் தேடித் தொகுத்தமை நன்றியுடன் நினைக்கற்பாலது.

கூத்தைப் போற்றும் நாம் அதன் மற்றொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. தப்பு அடித்தல் ஒரு சாதியாரின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. தப்பு இன்றிக் கூத்தில்லை என்றோரே தப்படித்தோரைச் சமமாக நடத்தவில்லை. எனவே, கல்வி பெற்ற இளைஞர் சிலர் தந்தையின் தப்பைத் தொட மறுத்தமை கலையை வெறுத்தமையாகாது, இழிவை மறுத்தமையாகும். அண்மைக்காலத்தில் அதே கருவியைப் பிறப்பு வேறுபாடின்றி இளைஞரும் யுவதியரும் விரும்பிப் பயின்று அடிக்கின்றனர். விதிக்கப்பட்ட கடமையாக அன்றி, விரும்பி ஏற்ற கலையாகத் தப்பு ஒலிக்கும்போதே கூத்து முழுமை பெறும்.

2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணமொன்று இடம்பெற்றது. முன்னோர் நடந்த வழியை வழித்தோன்றல்கள் நடந்து காட்டினர். கூத்துக்கும் அத்தகைய மீள்நடை வேண்டும். தோட்டந்தோறும் மண்டபம் எழட்டும். நாடகமும் இசையும் அதனுள் வளரட்டும். ஆயின், காமன் கம்பத்தைக் கூரையின்கீழ் நடவியலாது. ஆதலின், மண்டபத்தின் முன்னே ஒரு பொட்டல் நிலத்தையும் விட்டுவைத்தல் வேண்டும். நிலவுரிமை அற்றிருந்த மக்கள் ஆண்டுக்கொருமுறை தமதென உரிமை கொண்டாடிய மண் அதுவன்றோ!