மழையை அளந்தால் போதுமா? பயிர்க் காப்பீட்டின் நூறு வருஷக் கதை

இன்னிக்கு எபிசோட்ல இன்சூரன்ஸ் பத்திப் பேசப் போறோம்னு சொன்னா பாதிப் பேர் அடுத்ததுக்குத் தள்ளிடுவீங்கன்னு தெரியும். ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க.

உங்க பைக் எங்கேயாவது இடிச்சிடுச்சுன்னு வைங்க. சர்வேயர் பார்ப்பார், செலவைக் கணக்குப் போடுவார், பணம் வரும். சண்டை வரலாம், ஆனா வழி தெளிவா இருக்கு. இதையே ஒரு நெல் வயலுக்குச் செய்ய முடியுமா? ஒரு கிராமத்துல முந்நூறு வயல். ஒவ்வொண்ணும் ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர். போய்ப் பார்க்கிற செலவே பிரீமியத்தைத் தின்னுடும். போய்ப் பார்த்தாலும், பயிர் மழை இல்லாம காஞ்சுதா, களை எடுக்காம கெட்டுப்போச்சான்னு எப்படிப் பிரிக்கிறது? இன்னொரு சிக்கலும் இருக்கு. தன் நிலம் அடிக்கடி கவுத்துவிடும்னு தெரிஞ்சவர்தான் முதல்ல வந்து சேருவார். நல்ல நிலம் இருக்கிறவர் ஏன் காசு கட்டணும்னு ஒதுங்கிடுவார்.

இதெல்லாம் கற்பனை இல்ல. 1972ல குஜராத்ல எச்-4 ரகப் பருத்திக்கு, ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியா இழப்பைக் கணக்கிடுற ஒரு திட்டம் தொடங்கினாங்க. அப்புறம் வேற சில மாநிலங்களுக்கும் போச்சு. 1978 வரைக்கும் அதுல சேர்ந்தவங்க 3,110 பேர். வசூலான பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம். ஒரு ரூபாய் வாங்கி எட்டு ரூபாய்க்கு மேல கொடுத்திருக்காங்க. அத்தோட கடையைச் சாத்தியாச்சு.

ஆனா இந்தச் சிக்கலுக்கான பதில், அதுக்கு அம்பது வருஷம் முன்னாடியே பெங்களூர்ல புத்தகமா அச்சாகியிருந்தது.

எழுதினவர் ஜே. எஸ். சக்கரவர்த்தி. மைசூர் சமஸ்தானத்தோட நிதித் துறையில உயர் அதிகாரி. 1920ல வந்த அந்தப் புத்தகம், இந்தியச் சூழலுக்கு ஏத்த மாதிரி விவசாயக் காப்பீட்டை எப்படி நடத்தலாம்னு பேசுது. மைசூர்ல ஒரு நிதி அதிகாரிக்கு இந்தக் கேள்வி ஏன் வந்திருக்கும்னு புரிஞ்சுக்கறது கஷ்டமில்ல. நம்ம பக்கம் தாது வருஷப் பஞ்சம்னு சொல்றோமே, அந்த 1876-78 பஞ்சம் மைசூரையும் விடல. 1871 கணக்கெடுப்புல சமஸ்தானத்தோட மக்கள்தொகை சுமார் 50 லட்சம். 1881ல சுமார் 42 லட்சம். பத்து வருஷத்துல கூட வேண்டிய ஜனத்தொகை எட்டு லட்சம் குறைஞ்சிருக்கு. ஏரியும் மானாவாரியுமா இருக்கிற ஊர்ல மழை பொய்ச்சா என்ன ஆகும்னு அந்த அரசாங்கத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

சக்கரவர்த்தியோட யோசனை எளிமையானது. வயலைப் பார்க்காதே, மழையைப் பார். ஒரு பகுதிக்கு வழக்கமா பெய்யுற மழையை விட இவ்வளவு குறைஞ்சா, அந்தப் பகுதியில காப்பீடு செஞ்ச எல்லாருக்கும் பணம். மழைமானிக்கு யாரையும் தெரியாது. அதுகிட்ட சிபாரிசு செல்லாது. சோம்பேறியா இருந்தா மழை குறையாது, அதனால விவசாயி உழைக்கிறாரா இல்லையான்னு கண்காணிக்கவும் வேண்டாம். இன்னிக்கு உலகம் முழுக்க வானிலைக் குறியீட்டுக் காப்பீடுன்னு பெருசா பேசுறாங்களே, அதோட எலும்புக்கூடு இதுதான். அமெரிக்கா தன்னோட அரசுப் பயிர்க் காப்பீட்டை ஆரம்பிச்சதே 1938லதான்.

மைசூர் அதை நடைமுறைப்படுத்தல. சுதந்திரம் வந்த பிறகும் கோப்பு ஊர்ந்துகிட்டே இருந்தது. 1947-48ல ஜி. எஸ். பிரியோல்கர் ஆய்வு செஞ்சு, ஒரே மாதிரியான பகுதிகளை ஒரு அலகா எடுக்கலாம்னு சொன்னார். மாநிலங்கள் ஏத்துக்கல. 1970ல தரம் நாராயண் தலைமையில ஒரு நிபுணர் குழு போட்டாங்க. இந்தியாவுக்கு இது சரிப்படாதுன்னு அவங்க முடிச்சிட்டாங்க.

அந்த முடிவை எதிர்த்து 1976ல எழுதினவர் புனேவைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் வி. எம். தாண்டேகர். அவர் மழைக்குப் பதிலா விளைச்சலை எடுத்துக்கிட்டார். உன் வயலோட விளைச்சல் இல்ல, உன் பகுதியோட சராசரி விளைச்சல். அது ஒரு அளவுக்குக் கீழ போனா எல்லாருக்கும் ஒரே விகிதத்துல இழப்பீடு. 1979ல பொதுக் காப்பீட்டுக் கழகம் இதைச் சோதனையா ஆரம்பிச்சது. 1985ல அது பெரிய திட்டமாச்சு. ஆனா பயிர்க்கடன் வாங்கினவங்களுக்கு மட்டும். அப்போ முதல்ல பாதுகாக்கப்பட்டது விவசாயியா, வங்கியோட கடனா? எனக்கு இதுல சந்தேகமே இல்ல, வங்கிதான். 1999 வரைக்கும் வந்த பிரீமியம் சுமார் 404 கோடி, கொடுத்தது சுமார் 2,300 கோடி. அதுல ஏறக்குறைய பாதி குஜராத்துக்குப் போச்சு, முக்கியமா நிலக்கடலைக்கு.

சரி, ஒரு பகுதியோட சராசரி விளைச்சலை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. குலுக்கல் முறையில சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, அதுக்குள்ள ஒரு சின்னத் துண்டை அளந்து, அறுத்து, அடிச்சு, எடை போடுறாங்க. பயிர் அறுவடைப் பரிசோதனைன்னு பேரு. அந்தத் துண்டு எவ்வளவு பெருசா இருக்கணும்னு 1940கள்ல ரெண்டு பெரிய புள்ளியியல் மேதைகள் மோதிக்கிட்டாங்க. கல்கத்தாவுல மகலனோபிஸ், சின்ன வட்டமா வெட்டினாலே போதும், நிறைய இடத்துல வெட்டலாம்னார். டெல்லியில பி. வி. சுகாத்மே, சின்னத் துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும்னார். காரணம் சாதாரணமானது. கோட்டு மேல நிக்கிற பயிரை உள்ளே சேர்க்கிறதா வெளியே விடுறதா? கை தானா உள்ளே சேர்த்துடும். துண்டு சின்னதாக ஆக, ஓரத்தோட பங்கு பெருசாகும். சுகாத்மே பக்கம்தான் நாடு சாய்ஞ்சது. நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர்ங்கிற சதுரம் அந்தச் சண்டையோட வாரிசுன்னு சொல்லலாம்.

அப்போ அந்தச் சண்டை, நாட்டுல எவ்வளவு தானியம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்காக. இன்னிக்கு அதே சதுரம் பணத்தைத் தீர்மானிக்குது. 2016ல வந்த பிரதமரோட பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்துக்குக் குறைஞ்சது நாலு பரிசோதனை. கடந்த ஏழு வருஷத்துல நல்லா விளைஞ்ச அஞ்சு வருஷத்தோட சராசரியை எடுத்து, அதுல 70, 80 இல்லன்னா 90 சதவீதத்தை உத்தரவாத விளைச்சலா வைப்பாங்க. கணக்குக்காக அது ஹெக்டேருக்கு 2,000 கிலோன்னு வைங்க. இந்த வருஷம் சராசரி 1,500 வந்தா, காப்பீட்டுத் தொகையில 25 சதவீதம் எல்லாருக்கும். உங்க வயல்ல ஒரு மணி நெல்லு தேறலன்னாலும் 25தான். அமோகமா விளைஞ்சிருந்தாலும் 25தான். ஊர் சராசரி 2,100 வந்தா? உங்க வயல் முழுசா போயிருந்தாலும் பூஜ்யம். 'பிரீமியம் கட்டினேன், பயிர் போச்சு, பணம் வரல'ங்கிற செய்தி பலதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்தக் கணக்குத்தான். சில சமயம் மோசடியும் தாமதமும் உண்டு, ஆனா எல்லாமே விதிப்படி நடந்தாலும் இது நடக்கும்.

2016ல தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்ச மாதிரி வருஷங்கள்ல சராசரி முறை நல்லாவே ஓடும். ஏன்னா எல்லா வயலும் சேர்ந்தே காயுது. டெல்டாவுல கதை வேற. ஒரே கிராமத்துல மேட்டு வயல்ல சம்பா நிக்கும், வடிகால் ஓரத்துப் பள்ளத்துல கதிர் அழுகிக் கிடக்கும். நாலு பரிசோதனையும் மேட்டுல விழுந்தா பள்ளத்துக்காரர் கணக்குலயே வரமாட்டார்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான், ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குறது மாதிரி ஓரிடத்துல மட்டும் நடக்கிற சேதத்துக்கு 48 மணி நேரத்துக்குள்ள தகவல் சொன்னா தனி வயலாப் பார்ப்போம்னு திட்டத்துல ஒரு வழி வச்சாங்க. ஆனா 2018ல, நெல் தண்ணியிலேயே வளர்ற பயிர், சேதத்தைப் பிரிச்சுப் பார்க்க முடியாதுன்னு, வெள்ளம் தேங்குறதுல இருந்து நெல்லை மட்டும் எடுத்துட்டாங்க. தஞ்சாவூர்ல உக்காந்து இதைப் படிக்கிறவருக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

நடுவுல சக்கரவர்த்தி ஒரு தடவை எழுந்து வந்தார். 2003ல அன்றைய ஆந்திராவோட மகபூப்நகர் மாவட்டத்துல, பேசிக்ஸ் நிறுவனமும் ஐசிஐசிஐ லொம்பார்டும் நிலக்கடலை, ஆமணக்கு போட்ட 230 விவசாயிகளுக்கு மழைக் காப்பீடு வித்தாங்க. புத்தகம் வந்து 83 வருஷம் கழிச்சு. அங்கேயும் அதே பிரச்சினைதான். மழைமானி இருக்கிற இடத்துல பெய்யும், நம்ம கொல்லையில பெய்யாது.

2025 நவம்பர்ல மத்திய அரசு, 2026 காரீப்ல இருந்து நெல் வயல்ல வெள்ளம் தேங்குற சேதத்தைத் திரும்பச் சேர்க்கிறோம்னு அறிவிச்சது. 72 மணி நேரத்துக்குள்ள ஆப்ல போட்டோவோட தகவல் கொடுக்கணும். ஆக, தனி வயலைப் போய்ப் பார்க்கிற பழைய வேலை திரும்ப வருது, இந்தத் தடவை கேமராவோட. முட்டளவு தண்ணி நிக்கிற வயல்ல, கரண்ட் போன ஊர்ல, சிக்னல் தேடி யார் அந்தப் போட்டோவை ஏத்தப் போறாங்கன்னு அடுத்த மழையில பார்ப்போம்.