மலைநாட்டு மக்களும் மறையிசையும்



பதுளை நகரின் நடுவே புனித மாற்கு ஆலயம் நிற்கின்றது. 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவீழ்ந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுப்பப்பெற்று, 1857இல் அருட்பொழிவு செய்யப்பெற்றது அது. ஆங்கிலேயரின் சமயவரலாறு இவ்வாறு கல்லில் நிலைபெற்றது. அதே காலத்தில் ஊவா மலைகளிற் காடு வெட்டிக் கோப்பி நட்ட தமிழரின் கிறிஸ்தவ வரலாறு எதில் நிலைபெற்றது? பாட்டில் நிலைபெற்றது என்பதே என் துணிபு.

1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் மலைநாட்டிற்கு வந்தனர். தொழிலாளருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஏட்டை நீட்டினாற் பயனில்லை. பாட்டை எடுத்தாலோ கூட்டம் கூடும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தார். பாமரர் விரும்பிய குறவஞ்சி நாடகத்தைக் கைக்கொண்டு, குறத்தியின் வாயாலேயே மறைப்பொருளைக் கூறும் பெத்லகேம் குறவஞ்சியை யாத்தவர் அவர். அவருடைய கீர்த்தனைகள் எழுத்தின் துணையின்றியே வாய்வழிப் பரவவல்லவை. 1869இல் மடுல்சீமையிற் கோப்பிச் செடியின் இலைநோய் முதன்முதலாகக் காணப்பட்டது. பின்னர் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறினும் பாட்டு மாறவில்லை.

இனி, துயரத்தின் இசையை நோக்குவோம். தோட்டங்களில் மாசி மாதத்திற் காமன்கூத்து நிகழும். எரிந்துபட்ட மன்மதனை எண்ணி ரதி புலம்புவாள். கத்தோலிக்கரின் தவக்காலமும் பெரும்பாலும் அதனையொட்டியே வரும். அப்போது யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் (1676–1742) இயற்றிய வியாகுல பிரசங்கம் ஒப்பாரியையொத்த இராகத்திற் படிக்கப்பெறும். லயத்து அறைகளில் அயலவரின் புலம்பலைக் கேட்டுப் பழகிய செவிக்கு, மகனை இழந்த மரியன்னையின் துயரம் அந்நியமாகுமோ? தன் பிள்ளையைக் குளிருக்கும் காய்ச்சலுக்கும் பறிகொடுத்த தாய், அன்னையின் அழுகையிலே தன் அழுகையையும் கேட்டாள். போதனையாக வந்த சமயம் அவளுடைய சொந்த நம்பிக்கையானது அந்த வேளையிலேதான்.

திரைப்படத்தின் பங்கும் சிறிதன்று. 1948இல் ஞானசௌந்தரி கதை படமாக வெளிவந்தது. மாற்றாந்தாயின் கொடுமையாற் கைகளை இழந்த பெண்ணுக்கு மாதா மீண்டும் கைகளை அருளும் கதை அது. பி. ஏ. பெரியநாயகியும் ஜிக்கியும் பாடிய மாதா பாடல் கொட்டகையைக் கடந்து, வானொலி வழியே வழிபாட்டிலும் இடம்பெற்றது. அதே ஆண்டிலேதான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருந்தொகையில் நாடற்றோராக்கியது. கொழுந்து கிள்ளும் கைகளன்றி வேறு முதலில்லாத ஒருத்தி, கை மீண்ட கதையை வெறும் பொழுதுபோக்காகவா கொண்டிருப்பாள்?

எனினும், ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. இறப்பு வீட்டிலும் மாரியம்மன் திருவிழாவிலும் முழங்கும் தப்பு, சாதியிழிவின் சின்னமாகக் கருதப்பட்டுக் கோவிலுக்குப் புறத்தே நின்றது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த மக்களின் இசைமரபை மதித்து ஏற்கப் பணித்தது. 1972இற் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, அதன் முதல் ஆயர் லியோ நாணயக்கார, கண்டி ஆயர் பதவியை விட்டுத் தாமே விரும்பி இவ்வெளிய மக்களிடம் வந்தார். மதுரையில் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையையும் பறையையும் இறைவழிபாட்டிற்கு உரியனவாக்கினார்.

கலை உள்ளத்தை உருக்கிவிட்டு மறைந்துபோகும். அது நம்பிக்கையாகாது என்பார் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. பிறர் பாடக் கேட்டு உருகுதல் எளிது. ஆனால், தன் துயரைத் தன் குரலில், தன் பறையின் தாளத்தில் ஆண்டவனிடம் ஒருவன் எடுத்துரைக்கும்போது, அப்பாட்டு அவனுடைய சாட்சியமாகின்றது. அந்தத் தாளத்தை வாசலில் நிறுத்திவிட்டு அவனை மட்டும் உள்ளே அழைத்தால், வருபவன் பாதி மனிதனாகவே வருவான். தப்பின் ஒலிக்கு வாயிலைத் திறத்தல், அதனை முழக்கும் மனிதனை முழுமையாக ஏற்றலேயாகும்.