மன்னார் வளைகுடாவின் கடற்பாசிப் பெண்கள்: தீவுப் பாதுகாப்பும் வாழ்வுரிமையும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கடற்கரையில் சின்னப்பாலம், பாரதி நகர், ஏர்வாடி, சின்ன ஏர்வாடி முதலான மீனவ ஊர்களைச் சேர்ந்த பெண்கள், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் மூழ்கிக் கடற்பாசி சேகரித்து வாழ்ந்து வருகின்றனர். 1986-இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறையாக அவர்கள் செய்துவந்த வேலை சட்டப்படி தடைக்குள்ளானது. பின்னர் அப்பெண்கள் தாமே பாசி எடுப்புக்கு விதிகளை வகுத்துக் கடைப்பிடித்தனர். இயற்கையைக் காப்பதற்கான செலவை யார் தாங்குவது, அதற்கான முடிவை யார் எடுப்பது என்னும் சூழல்நீதிக் கேள்விகளுக்குத் தமிழகக் கடற்கரை தரும் தெளிவான எடுத்துக்காட்டு இவ்வரலாறு.

கடலும் தீவுகளும்

இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. உள்ளூர் மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்று அழைப்பர். தென்கடலில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் கரையை ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. இவை மண்டபம் தொகுதி (7), கீழக்கரைத் தொகுதி (7), வேம்பார் தொகுதி (3), தூத்துக்குடித் தொகுதி (4) என நான்காகப் பிரிக்கப்படுகின்றன. குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு ஆகியவை மண்டபம் தொகுதியில் அடங்கும்.

இத்தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகளும் கடற்புல் பரப்புகளும் உள்ளன. ஆவுளியா எனப்படும் கடற்பசு, கடலாமை, கடல் அட்டை, சங்கு, முத்துச்சிப்பி ஆகியவற்றுக்கு இப்பகுதி வாழிடமாகும். 1927-இலேயே சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கடலோர உயிரினங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டது. நாடு விடுதலை பெற்ற ஆண்டான 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாற்றப்படும்வரை மண்டபத்தில் இயங்கியது. இப்பகுதியின் கடல்வளம் அந்தக் காலத்திலேயே அறிவியலாளர்களின் கவனத்தைப் பெற்றிருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

பாசித் தொழிலின் வளர்ச்சி

இரண்டாம் உலகப்போரின்போது சப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த அகர் நின்றுபோனது. ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிரிகளை வளர்க்க அகர் இன்றியமையாதது. இனிப்புப் பண்டங்களிலும் அது சேர்க்கப்படுகிறது. 'சைனா கிராஸ்' என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதும், இப்பகுதி வீடுகளில் நோன்புக் காலத்தில் கடற்பாசியாகக் காய்ச்சப்படுவதும் இதுவே. வெளிநாட்டு வரத்து நின்றதால் இந்தியக் கடற்கரைப் பாசிகளிலிருந்து அகர் எடுக்கும் முயற்சிகள் தொடங்கின. 1960-களில் இப்பாசிகளுக்கு நிலையான வணிகச் சந்தை உருவானது. மதுரைப் பகுதியில் அகர் ஆலைகள் ஏற்பட்டன.

சந்தைக்குச் செல்லும் பாசிகளில் நான்கு முதன்மையானவை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி ஆகிய இரண்டும் அகர் தருபவை. கட்டக்கோரை, பக்கடா ஆகியவற்றிலிருந்து துணி அச்சுத் தொழில் முதலியவற்றில் பயன்படும் ஆல்ஜினேட் எடுக்கப்படுகிறது. இவற்றுள் மரிக்கொழுந்துக்கே விலை அதிகம்.

இராமநாதபுரம் மழை குறைந்த மாவட்டம். வயல்வேலை ஆண்டின் சில மாதங்களுக்கே கிடைக்கும். கடலோர ஊர்களில் சங்கு குளிப்பதும் அட்டை எடுப்பதும் ஆண்களின் தொழில்களாக இருந்தன. பெண்கள் மீன் விற்றனர், பனையோலை முடைந்தனர், பாசி எடுத்தனர். படகும் வலையும் வாங்க முதல் இல்லாத குடும்பத்துக்குப் பாசி பெரிய ஆதரவாக இருந்தது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, இடுப்பில் பையைக் கட்டி மூழ்கி, பாறையில் ஒட்டியுள்ள பாசியைக் கையால் பறிப்பதே முறை. பறித்த பாசி கரையில் உலர்த்தப்பட்டு வியாபாரிகளுக்கு விற்கப்படும். பாறை கிழித்த காயங்களும், நெடுநேரம் உப்புநீரில் இருப்பதால் வரும் உடல்நோவும் இத்தொழிலில் வழக்கமானவை.

தேசியப் பூங்கா அறிவிப்பு

தீவுகளுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் பெருமளவில் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்துநின்ற பாறை குறைந்ததால் தீவுகளின் மணல் அரிக்கப்பட்டது. கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலங்குசல்லியும் நீருக்குள் மறைந்துவிட்டன. 1960-களில் பரவிய இழுவைப் படகுகள் கடற்தரையைச் சுரண்டி மீன் பிடித்தன.

இந்தச் சூழலில், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், கடல்பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை பூங்காவின் எல்லை வகுக்கப்பட்டது. ஒரு பாகம் என்பது ஆறு அடி. ஒருவர் மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கக்கூடிய ஆழமும் ஏறக்குறைய இந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆகவே பாசிப் பெண்களின் வேலைக்களமே பூங்காவுக்குள் அடங்கிப்போனது.

1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா அதன் மையப் பகுதியாயிற்று. 2001-இல் இது யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் இடம்பெற்றது. அதே ஆண்டில் பவளங்களும் கடல் அட்டைகளும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அட்டை எடுத்து வாழ்ந்த குடும்பங்கள் தம் தொழிலை இழந்தன.

2000-க்குப் பின் கண்காணிப்பு கூடியது. கடற்பாசி பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் இல்லை. ஆனால் பூங்கா எல்லைக்குள் நுழைவதும் அங்கிருந்து எதையும் எடுப்பதும் குற்றம். இதனால் பாசி பறிமுதல், அபராதம், படகு பிடிபடுதல் ஆகியவை குறித்த முறையீடுகள் ஊர்தோறும் எழுந்தன. பாசி பறிக்கும்போது பவளத் துண்டுகள் உடைகின்றன, பாறை மிதிபடுகிறது என்பது வனத்துறையின் வாதம். பாறையை வெட்டி விற்றவர்களும் இழுவை வலை இழுத்தவர்களும் செய்த கேட்டுக்குக் கையால் பாசி பறிப்பவர்களைப் பொறுப்பாக்குவது நியாயமா என்பது பெண்களின் கேள்வி.

இவ்விடத்தில் சட்டத்தின் ஒரு கூறு கவனிக்கத்தக்கது. ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக்கும்போது அங்கு மக்களுக்கு உள்ள உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. நிலத்தில் உரிமையைக் காட்டப் பட்டாவும் எல்லைக்கல்லும் இருக்கும். கடலில் வழிவழியாகச் செய்துவரும் தொழிலுக்கு அத்தகைய ஆவணம் இல்லை. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் வழக்காற்று உரிமைகளை ஏற்றது. கடலைச் சார்ந்தோருக்கு அதற்கு இணையான சட்டம் வரவில்லை.

பெண்கள் வகுத்த விதிகள்

தொழிற்சங்கங்களின் துணையோடு பாசி சேகரிக்கும் பெண்கள் ஊர்வாரியாக ஒன்றுகூடினர். தங்கள் வேலையால் கடலுக்குக் கேடு வரக்கூடாது என்பதை அவர்களும் ஏற்றனர். பாசி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்களே. அவர்கள் ஒப்புக்கொண்ட விதிகள் எளியவை:

மாதம் முழுவதும் கடலுக்குச் செல்லாமல், நிலவின் கணக்கைப் பார்த்து 12 நாள் மட்டும் பாசி எடுப்பது.

இரும்புக் கருவிகளால் பாறையைச் சுரண்டாமல், கையால் மட்டுமே பறிப்பது.

கோடையில் இழுவைப் படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தையொட்டி 45 நாள் தாமும் பாசி எடுப்பதை நிறுத்துவது.

இவ்விதிகளுக்கு உயிரியல் அடிப்படை உண்டு. மரிக்கொழுந்து போன்ற பாசிகள் பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியிலிருந்து மீண்டும் தழைப்பவை. கையால் பறிக்கும்போது அந்த அடிப்பகுதி பெரும்பாலும் பாறையிலேயே தங்கிவிடும். இரும்பால் சுரண்டினால் அதுவும் பெயர்ந்துவிடும். பறிக்காமல் விடும் நாள்கள் பாசி வளர்வதற்கான இடைவெளி.

பயன்பாட்டாளர்களுக்கிடையே நாள்களைப் பிரித்துக்கொள்வது இக்கடற்கரைக்குப் புதிதன்று. பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்னும் ஏற்பாடு மீனவர்களிடையே ஏற்பட்ட மோதல்களின் விளைவாக உருவானதே.

சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி இப்பெண்களின் தலைவர்களுள் ஒருவர். பாசிப் பெண்களின் உரிமைக்காகவும் கடல்வளத்தைக் காப்பதற்காகவும் ஆற்றிய பணிக்காக அவருக்கு 2015-ஆம் ஆண்டின் சீக்காலஜி பரிசு வழங்கப்பட்டது. கலிபோர்னியாவில் உள்ள அந்த அமைப்பு, உலகெங்கும் தீவுச் சூழலைக் காப்போருக்கு இப்பரிசை அளிக்கிறது. பூங்காவுக்குக் கேடு செய்வோர் எனக் கருதப்பட்டவர்களில் ஒருவரே தீவுகளின் காவலர் என உலக அரங்கில் ஏற்கப்பட்டார்.

அயல்நாட்டுப் பாசி

இயற்கைப் பாசி எடுப்புக்கு மாற்றாகக் கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியின் வளர்ப்பு முன்வைக்கப்பட்டது. இது கராஜீனன் என்னும் கூழ்மப்பொருளைத் தருவது. மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் இதற்கான சோதனைகள் நடந்தன. 2000-களின் தொடக்கத்தில் பெப்சிகோ நிறுவனம் வணிகமுறை வளர்ப்பைத் தொடங்கியது. மூங்கில் மிதவைகளில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை செய்யலாம் என்பதால், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பல இத்தொழிலில் ஈடுபட்டு வருவாய் பெற்றன.

இப்பாசியால் பவளங்களுக்குக் கேடு வரலாம் என்ற அச்சத்தால், 2005 இறுதியில் தமிழக அரசு இதன் வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கடலுக்கும் மட்டும் வரையறுத்தது. ஆயினும் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின்மீது இப்பாசி படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பாயைப்போல மூடி ஒளியைத் தடுப்பதால் அடியிலுள்ள பவளம் இறந்துவிடுகிறது. 2013-க்குப் பின் வளர்ப்புப் பாசியும் பெருமளவில் மடிந்து விளைச்சல் சரிந்தது. தலைமுறையாக மண்ணுக்குரிய பாசியைப் பறித்தவர்களுக்குத் தடை இருந்த காலத்திலேயே, அயலிலிருந்து கொண்டுவரப்பட்ட பாசி அத்தீவை எட்டியது.

நீதி என்னும் அளவுகோல்

சூழல்நீதி என்ற கருத்து 1982-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள வாரன் வட்டாரத்தில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் நச்சுமண்ணைப் புதைப்பதை எதிர்த்த போராட்டத்தால் பரவலாக அறியப்பட்டது. மாசின் சுமை எளியோர்மீது விழுவதை அது சுட்டிக்காட்டியது. மன்னார் வளைகுடா அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பாதுகாப்பின் சுமையும் எளியோர்மீது விழக்கூடும்.

சூழல் தொடர்பான முடிவுகளில் பாதிக்கப்படும் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்பதை 1992-இன் ரியோ பிரகடனம் தன் பத்தாம் கொள்கையாக ஏற்றது. உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் சிறு அளவு மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகள் 2014-இல் வந்தன. மீன்பிடித்தலோடு, அதற்கு முன்னும் பின்னும் பெண்கள் செய்யும் வேலைகளையும் அவை தொழிலாகக் கருதுகின்றன. மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்ணும் மீனவத் தொழிலாளியே என்ற இராமநாதபுரத்துப் பெண்களின் வாதத்துக்கு இந்நெறிகள் வலுவூட்டுகின்றன.

இன்றைய நிலை

இப்போது கடலுக்கு வரும் பெரிய ஆபத்து பூங்கா எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. கடல்நீர் வெப்பம் உயர்ந்ததால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. இந்த வெப்ப உயர்வில் பாசிப் பெண்களின் பங்கு மிகச் சிறிது; அதன் விளைவோ அவர்களது அன்றாட வருவாயைத் தொடுகிறது.

மறுபுறம், கடற்பாசி அரசின் திட்டங்களில் முன்னிடம் பெற்றுள்ளது. 2021-ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையில் தமிழகத்துக்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் ரூ.127.71 கோடி மதிப்பில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாசி வளர்ப்பில் பெண்களுக்கு வேலை கிடைக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது.

எனினும் வளர்ப்புப் பண்ணையில் கிடைக்கும் வேலையும், தீவோரத்தில் தாமே பறிக்கும் உரிமையும் ஒன்றாகிவிடா. முன்னதில் நாற்றும் விலையும் பிறர் கையில் உள்ளன. பின்னதில் எந்த நாளில் பறிப்பது, எந்த நாளில் விடுவது என்பதைப் பெண்களே முடிவு செய்தனர். அந்த 12 நாள் விதியும் 45 நாள் ஓய்வும் பூங்கா நிர்வாகத்தின் திட்டத்திலேயே இடம்பெற்றால், தீவுகளைக் காக்கும் பணியில் கரையோர ஊர்களும் பங்காளிகளாகும். பாசிப் பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் அதுவே.